கண்ணுக்குத் தப்பும் சட்டை

ஆப்கானிஸ்தானின் நிலப்பரப்பில் காடு 2.1 சதவீதம்தான். மிச்சமெல்லாம் கல்மலை, மணல், புழுதி, இடையிடையே ஆற்றோரப் பசுமை. அந்த நாட்டு ராணுவத்துக்கு 2007-இல் புதிய சீருடை முடிவானபோது, அடர்காட்டுக்கென்று வரைந்த ஒரு பச்சை டிசைன் தேர்வானது. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அப்துல் ரஹீம் வர்தக், கனடா நிறுவனம் ஒன்றின் டிசைன்களை இணையத்தில் பார்த்தார், ஒன்று பிடித்துப்போனது, விஷயம் முடிந்தது. காசு கொடுத்தது அமெரிக்கா. அந்த நிலத்தில் அது ஆளை மறைக்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆப்கன் செலவுகளைத் தணிக்கை செய்த அமெரிக்க அரசின் சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2017-இல் தந்த அறிக்கை, இந்தத் தேர்வால் மட்டும் 2.8 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று கணக்குச் சொன்னது.

சிரிக்கத் தோன்றும். ஆனால் காசு கொடுத்த அமெரிக்காவே அதே ஆண்டுகளில் தன் சொந்த வீரர்களுக்கு இதைவிடப் பெரிய தவறு ஒன்றைத் தைத்துக் கொடுத்திருந்தது. இரண்டு இடத்திலும் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சட்டையைத்தான் பார்த்தார்கள். அதைத் தேடப்போகிற கண்ணை மறந்துவிட்டார்கள்.

உருமறைப்பு என்றதும் பச்சைக்குப் பச்சை, மணலுக்கு மணல் என்கிற நிறப்பொருத்தம்தான் நமக்கு நினைவுக்கு வரும். நிறம் வேண்டியதுதான். ஆனால் ஒரே பச்சையில் சட்டையும் பேன்ட்டும் போட்ட ஒருவரைப் புதருக்கு முன்னால் நிறுத்தினால், தலை, கழுத்து, இரண்டு தோள், தொங்கும் கைகள் என்று ஆள் சட்டென்று பிடிபட்டுவிடுவார். மூளை முதலில் தேடுவது நிறத்தை அல்ல, விளிம்பை.

இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கண்ணாடிச் சில்லு. 1950களின் இறுதியில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையைச் செருகி, அதன் கண்முன்னே வெளிச்சப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நரம்பணுக்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. புரொஜெக்டரில் கண்ணாடிச் சில்லை மாற்றியபோது அதன் ஓரம் ஒரு மெல்லிய நிழற்கோடாகத் திரையில் நகர்ந்தது. உடனே ஓர் அணு படபடவென்று துடித்தது. குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்த கோட்டுக்கு மட்டும் குரல் கொடுக்கும் அணுக்கள் மூளையில் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1981-இல் நோபல் பரிசும் வந்தது. கண்ணுக்குள் விழுகிற காட்சியை மூளை கோடு கோடாக அலசி, எந்தக் கோடு எதனுடன் சேர்கிறது என்று பார்த்து, அப்புறம்தான் ‘இது மனிதன்’ என்ற முடிவுக்கு வருகிறது. ஆகவே ஒளிய நினைப்பவன் கலைக்க வேண்டியது தன் ஓரக்கோட்டை.

பூச்சிகளுக்கு இது எப்போதோ தெரியும். பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட் 1940-இல் விலங்குகளின் நிறம் பற்றி எழுதிய பெரும் புத்தகத்தில், உடலின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் அழுத்தமான திட்டுகள்தான் உருவத்தை உடைக்கின்றன என்று விரிவாகச் சொன்னார். அதைக் களத்தில் எண்ணிப் பார்க்க 2005 வரை ஆனது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னஸ் கட்ஹில் குழுவினர் காகிதத்தில் முக்கோண வடிவ அந்துப்பூச்சிகளை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் பறவைகளுக்குப் பிடித்த செத்த புழு ஒன்றை வைத்து, ஓக் மரங்களில் குத்திவைத்தார்கள். நிறம் எல்லாவற்றிலும் மரப்பட்டையின் நிறம்தான். சிலவற்றில் கறுப்புத் திட்டுகள் இறக்கையின் ஓரத்தைத் தொட்டு வெட்டின. சிலவற்றில் அதே திட்டுகள் ஓரத்தைத் தொடாமல் உள்ளே இருந்தன. திட்டு ஓரத்தைத் தொட்ட ‘பூச்சிகள்’ பறவைகளிடமிருந்து கூடுதல் நேரம் தப்பின. ஒரே மை, ஒரே காகிதம். திட்டு எங்கே விழுந்தது என்பது மட்டும்தான் வேறு.

பட்டாளங்கள் இந்தப் பாடத்துக்குத் தாமதமாக வந்ததற்குக் காரணம் முட்டாள்தனம் மட்டுமல்ல. கரிமருந்துத் துப்பாக்கிகளின் காலத்தில் நாலு சுற்று சுட்டால் களம் முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள் தன் ஆள் எவன், எதிரி எவன் என்று தளபதிக்குத் தெரிய வேண்டும். சிவப்பும் நீலமும் அதற்குத்தான். 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தார். புகை விலகியது, துப்பாக்கியின் எட்டும் தூரம் கூடியது, பளபளக்கும் சட்டை சட்டென்று குறிப்பலகையாக மாறியது. பெஷாவரில் 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய ‘கைட்ஸ்’ படை அதற்கு முன்பே புழுதி நிறத்துக்கு மாறியிருந்தது. பிரிட்டன் 1902-இல் காக்கியைப் பொதுக் களச்சீருடையாக்கிவிட்டது. புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிரான்ஸோ 1914 ஆகஸ்டில் சிவப்புக் கால்சட்டையுடன் போருக்குப் போனது. அதை மாற்றுவது நாட்டின் மானத்தை மாற்றுவது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். பீரங்கிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் எதிரே திறந்தவெளியில் நடந்ததுதான் பெரிய காரணம்; பழியெல்லாம் கால்சட்டை மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் அடுத்த ஆண்டே அந்தச் சிவப்பு போய்விட்டது. ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவையும் பிரான்ஸ் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய கிரான் ட செவோலாவும் ஓவியர்தான்.

திட்டுத் திட்டாக அச்சிட்ட துணி 1929-இல் இத்தாலியில் வந்தது. முதலில் அது கூடாரத் துணிக்குத்தான். பிறகு ஜெர்மனி, இரண்டாம் உலகப் போரில் எல்லோரும். அதற்குமேல் அந்த வரலாறு துணி வியாபாரிகளின் பட்டியல், தாண்டிவிடலாம்.

நம் கதைக்கு வேண்டியவர் டிமோதி ஓநீல் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. 1970களின் நடுவில் அவர் ஒரு கவச வண்டிக்கு 2 அங்குல உருளையால் சதுரம் சதுரமாக வண்ணம் அடித்தார். கிட்டத்தில் பார்த்தால் ஏதோ குழந்தை விளையாட்டு. தள்ளிப் போய்ப் பார்த்தால் வண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது. இயற்கை எந்தத் தூரத்தில் பார்த்தாலும் அந்தந்த அளவில் விவரம் கொடுக்கும். நூறு மீட்டரில் மரக்கூட்டம், முப்பது மீட்டரில் கிளை, பத்து மீட்டரில் இலை. பழைய பெரிய திட்டுகள் தூரத்தில் உருவத்தை உடைத்தன, கிட்டத்தில் வெறும் சாயமாகத் தெரிந்தன. சின்னப் புள்ளிகள் கிட்டத்தில் இலைபோல இருந்தன, தூரத்தில் ஒன்றுகலந்து ஒரே நிறமாகிவிட்டன. ஓநீல் இரண்டையும் சேர்த்தார்: சின்னச் சதுரங்கள் கூடிப் பெரிய திட்டாக அமைய வேண்டும். ‘டிஜிட்டல்’ டிசைன் என்று இன்று சொல்வதன் மூலம் இதுதான். கம்ப்யூட்டர் திரையை ஏமாற்றுவதற்காகச் சதுரம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதைதான், சதுரம் வரைவதற்கும் அச்சிடுவதற்கும் வசதி, வேறு மாயம் இல்லை. ஓநீலின் யோசனையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடியது கனடா. 2000-க்குப் பின் அமெரிக்க மரைன் படை காட்டுக்கு ஒன்று, பாலைக்கு ஒன்று என்று இரண்டு நல்ல டிசைன்கள் செய்துகொண்டது.

மரைன் சட்டை பிரபலமானதும் அமெரிக்கத் தரைப்படைக்கும் சதுரம் வேண்டியிருந்தது. 2004-இல் அவர்கள் அறிவித்த டிசைனின் பெயரிலேயே வில்லங்கம் இருந்தது: எல்லா இடத்துக்கும் ஒன்றே. காடு, பாலை, நகரம் மூன்றுக்கும் பொதுவாக மணல், சாம்பல், சாம்பல்பச்சை என்று மூன்று வெளிறிய நிறங்கள். கறுப்பு கிடையாது, அடர் பழுப்பும் கிடையாது. சதுரங்கள் பொடிப்பொடியாக இருந்தன, நிறங்களுக்குள் வெளிச்ச வேறுபாடு குறைவு. முப்பது நாற்பது அடி தள்ளி நின்றாலே எல்லாம் குழைந்து ஒரே வெளிர்சாம்பல் பொம்மை தெரிந்தது. பெரிய திட்டு என்ற பாதி யோசனையைக் கழற்றிவிட்டுச் சதுரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வீரர்கள் முணுமுணுத்தார்கள். 2009-இல் நேட்டிக் நகரிலுள்ள ராணுவ ஆய்வகம் படங்களைக் காட்டித் தேடவிட்ட சோதனையில், வேறு சில டிசைன்கள் மூன்று சூழலிலும் இதைவிடத் தெளிவாக நன்றாக மறைத்தன. 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ‘மல்டிகேம்’ என்ற தனியார் டிசைன் கொடுத்தார்கள். 2015 முதல் அதன் நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று பொதுச் சீருடையானது. பழைய சாம்பல் 2019 செப்டம்பர் முடிவில் விடைபெற்றது. மொத்தச் செலவு 500 கோடி டாலர் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

அதே 2019-இல் இன்னொன்றும் கழிந்தது: அமெரிக்கக் கடற்படையின் நீல டிஜிட்டல் சீருடை. கடல் நீலத்தில் கச்சிதமாகக் கலந்துபோகிற சட்டை. கப்பலிலிருந்து தவறி விழுந்த மாலுமியைத் தேடும்போதுதான் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். இதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

இந்தியத் தரைப்படை தன் புதிய களச்சீருடையை 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் காட்டியது. அணிந்து நடந்தவர்கள் பாராசூட் ரெஜிமென்ட் கமாண்டோக்கள். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டுடன் சேர்ந்து உருவாக்கிய டிசைன். ஆலிவ் பச்சையும் மண்நிறமும் கலந்த டிஜிட்டல் அச்சு. துணியில் 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர். சட்டையைப் பேன்ட்டுக்குள் செருக வேண்டியதில்லை என்பது பழைய பட்டாளத்தார் பலருக்கு இன்னும் கண்ணை உறுத்தலாம். வியர்வைக்கு அதுதான் நல்லது. பருத்தி தூக்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பாலியஸ்டர் ஏறக்குறைய 260 டிகிரியில் உருகும். நெருப்பில் அது சாம்பலாகாமல் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன்கள் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்ட பளபளப்பான விளையாட்டு பனியன்களை 2006-இல் முகாமுக்கு வெளியே அணியக்கூடாது என்று தடை செய்தது இதனால்தான்.

இதுவரை பேசியது பகல் கண். இரவுக் கண் வேறு.

இரவுப் பார்வைக் கருவி கொஞ்சநஞ்ச நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பின் ஓரம் வரை, ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை, அதற்குத் தெரியும். அந்த ஓரத்தில் இலைக்கு வேறு முகம். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிப் பச்சையை மட்டும் திருப்பி அனுப்புவது நமக்குத் தெரிந்த கதை. 750 நானோமீட்டரைத் தாண்டியதும் பச்சையத்துக்கு விழுங்கத் தெரியாது. இலைக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற திசு அந்த ஒளியைச் சிதறடித்துக் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பிவிடுகிறது. ஆகவே கருவி வழியே பார்த்தால் இலை பளிச்சென்று இருக்கும். மரப்பட்டையும் மண்ணும் மங்கலாக இருக்கும். சாதாரணச் சாயம் போட்ட துணியோ இந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். பகலில் அருமையான காட்டு டிசைன், ராத்திரியில் திட்டெல்லாம் அழிந்து, ஒரே வெள்ளை உருவம். அதனால் சீருடைத் துணிக்கு வாட் சாயம் எனப்படும் வகைகளையும், செயற்கை இழைகளில் கரித்துகளையும் அளந்து சேர்க்கிறார்கள். பச்சைத் திட்டு இலையளவு பளிச்சிட வேண்டும், பழுப்புத் திட்டு பட்டையளவு மங்க வேண்டும். பகலில் உள்ள உடைவு இரவிலும் உடைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவு வேதியியலையும் ஒரு சலவைக்காரரால் கெடுத்துவிட முடியும். துணியை ‘பளிச்’ ஆக்கும் சலவைத்தூள்களில் ஒளியூட்டிகள் என்ற பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை விழுங்கி நீல ஒளியாகக் கக்குவது அதன் தொழில். வேட்டிக்கு நல்லது, பதுங்கி உட்கார்ந்திருப்பவன் சட்டைக்குக் கேடு. அமெரிக்க ராணுவத்தின் சலவைக் குறிப்பில் ஒளியூட்டி உள்ள தூள் கூடாது, கஞ்சி கூடாது என்று இரண்டும் சொல்லியிருக்கிறது. கஞ்சி போட்டு, மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்ட ஓ.ஜி. என்ற ஆலிவ் பச்சைச் சீருடையில் நம் பழைய பட்டாளத்தார் நின்ற நிமிர்வு தனி அழகு. அது அணிவகுப்புத் திடலுக்கான அழகு. கால்சட்டையின் கத்தி மடிப்பு நேர்க்கோடு. காட்டில் நேர்க்கோடு கிடையாது.

பனியில் இந்தக் கணக்கு தலைகீழாகும். பனி புறஊதாவையும் அள்ளித் திருப்பி அனுப்பும். சாதாரண வெள்ளைத் துணி அதை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு வெள்ளைமேல் வெள்ளை, புறஊதாக் கேமராவுக்கு வெள்ளைமேல் கறுப்பு. பனிச்சீருடைக்கென்று தனிப்பூச்சு கொடுப்பது அதற்காகவே.

வெப்பக் கேமராதான் இன்றைக்குப் பெரிய தலைவலி. மனிதத் தோல் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஓயாமல் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. அச்சிட்ட டிசைனுக்கு அங்கே வேலையே இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் போர்வை போட்டால் கொஞ்ச நேரம் மறையலாம். பிறகு போர்வையே சூடாகும், அல்லது உள்ளே இருப்பவர் வேகுவார். உடலில் உண்டாகும் வெப்பம் எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பது இயற்பியலின் கறாரான விதி. உக்ரைன் போரில் மலிவான ட்ரோன்கள் வெப்பக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறக்கத் தொடங்கியபின், சட்டையின் சதுரம் பெரிதா சிறிதா என்ற பழைய விவாதத்துக்கு மரியாதை குறைந்துவிட்டது.

இனி சட்டைக்கு மேலே வருவோம். அத்தனை ஆராய்ச்சி செய்து அச்சிட்ட நெஞ்சுப் பகுதியைக் கவசமும் தோட்டாப் பைகளும் மூடிவிடுகின்றன. முதுகைப் பிட்டூ மூடிவிடுகிறது. நம் பட்டாளத்தில் முதுகுப்பைக்குப் பிட்டூ என்றுதான் பெயர். தலைக்கவசத்தின் வட்டம் இயற்கையில் எங்கும் இல்லாத சுத்தமான வட்டம். வலையும் துணிக்கீற்றும் கட்டி அதைக் கிழிசலாக்க வேண்டும். துப்பாக்கி ஒரு நீண்ட கறுப்புக் கோடு. ஹூபெலும் வீசலும் கண்ட அணுக்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

எடை இன்னொரு எதிரி. அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1950-லேயே, வீரன் மேல் ஏற்றும் சுமைதான் படையின் நடையைக் கெடுக்கிறது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். எல்லோரும் படித்தார்கள், யாரும் கேட்கவில்லை. 2003-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் காலாட்படையினரை நிறுத்தி எடைபோட்டபோது, சண்டைக்குப் போகும் சுமையே சராசரியாக 29 கிலோ. பெரிய பையும் சேர்ந்தால் 45 கிலோவை ஒட்டியது. ஏற்றும் இடத்தைப் பொறுத்தும் வலி மாறும். இடுப்புப்பட்டை உள்ள பை சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குகிறது. காலில் கட்டிய ஒரு கிலோவுக்கு, முதுகில் ஏற்றிய ஐந்து கிலோவுக்குச் செலவாகிற சக்தி தேவைப்படுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறதல்லவா. பூட்ஸில் நூறு கிராம் குறைப்பதற்குத் தொழிற்சாலைகள் மல்லுக்கட்டுவது இதற்குத்தான்.

கவசத்தின்மேல் ஓர் அங்குல அகல நாடாக்கள் வரிவரியாகத் தைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பைகளை எங்கே வேண்டுமானாலும் கோத்துக்கொள்ள அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பை மட்டும் ‘எங்கே வேண்டுமானாலும்’ போகக்கூடாது: முதலுதவிப் பை. அடிபட்டவனுக்கு அவனுடைய பையிலிருந்துதான் மருந்து எடுக்க வேண்டும், உன் பையைத் தொடாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். உன்னுடையது உனக்கு வேண்டியிருக்கும். அப்படியானால் இருட்டில், புகையில், கை தடவிப் பார்த்தே அடுத்தவன் பை அகப்பட வேண்டும். பிரிவில் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். அதற்குள் இருக்கும், ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டைக்கு நேரம்தான் உயிர். பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தமிழந்து அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் பட்டை கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போனபின் கட்டியவர்களில் 10 சதவீதம். ஆக, ஒருவன் சுமக்கிற பைகளிலேயே முக்கியமான பையைத் திறக்கப்போவது பெரும்பாலும் அவன் கை அல்ல, பக்கத்தில் இருப்பவன் கை.

முகப்பூச்சும் அப்படித்தான். அமெரிக்கக் களக்கையேடு அதை இருவர் இருவராகப் பூசிக்கொள்ளச் சொல்கிறது. நெற்றி, கன்னமேடு, மூக்கு, தாடை என்று மினுங்கும் மேடுகளுக்கு அடர்நிறம். கண்குழி, மூக்கின் கீழ், தாடையின் அடி என்று நிழல் விழும் பள்ளங்களுக்கு வெளிர்நிறம். வெளிச்சமும் நிழலும் சேர்ந்து முகத்துக்குத் தரும் உருட்சியை இது தட்டையாக்குகிறது. மானுக்கு முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பதன் ரகசியமும் இதுவே. அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கண்டு எழுதினார். காதுமடலின் பின்புறமும் பிடரியும் தனக்குத் தெரியாது. எதிரே குந்தியிருப்பவன், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் விரலால் தடவிவிடுகிறான். பிறகு கவசத்தின் வார் தொங்குகிறதா, பையில் ஏதாவது கிலுங்குகிறதா என்று குதிக்கச் சொல்லிக் கேட்கிறான். நம் ராணுவத்திலும் ‘பட்டி’ என்ற இணைவீரர் முறை உண்டு. 1984 முதல் படைகள் நிற்கும் சியாச்சினில் ரோந்து போகிறவர்கள் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு நடக்கிறார்கள். பனிப்பிளவில் ஒருவன் இறங்கிவிட்டால் மற்றவர்கள் எடைதான் அவனை நிறுத்த வேண்டும்.

இந்தத் தோழமையையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கும் சண்டை உண்டு. சமூகவியலாளர்கள் எட்வர்ட் ஷில்ஸ், மோரிஸ் ஜானோவிட்ஸ் இருவரும் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கைதிகளிடம் பேசி 1948-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது: தோற்றுக்கொண்டிருந்த படை கடைசிவரை கலையாமல் இருந்ததற்குக் கொள்கை வெறியைவிடக் கூடச் சாப்பிட்டுத் தூங்கிய பத்துப் பேர் மேலிருந்த பற்றுதான் பெரிய காரணம் என்றார்கள். வரலாற்றாளர் ஓமெர் பார்டோவ் 1991-இல் மறுத்தார். கிழக்கு முனையில் அந்தப் பத்துப் பேர் வாரக்கணக்கில் அழிந்துகொண்டே இருந்தார்கள், அப்படியும் சண்டை நடந்தது, கொள்கைப் பிரசாரத்தையும் கொடிய தண்டனையையும் மறக்காதீர்கள் என்றார். 2006-இல் ராபர்ட் மெக்கூன் குழு இன்னொரு கோணம் வைத்தது: ஒருவரையொருவர் பிடித்திருக்க வேண்டும் என்பதே இல்லை, ஒரே வேலையில் ஒரே உறுதி இருந்தால் போதும். எனக்கு இந்தக் கடைசிக் கருத்து சரியாகப் படுகிறது. பிடரியில் பூச்சு தடவிவிடுகிறவன் என் ஊர்க்காரனாக இருக்க வேண்டியதில்லை. ஒழுங்காகத் தடவினால் சரி.

ஆனால் உடல் வேறு கணக்கும் வைத்திருக்கிறது. வரலாற்றாளர் வில்லியம் மெக்நீல், 1941-இல் கட்டாயப் படைச்சேவையில் மணிக்கணக்காக அணிநடை பழகியபோது இனம்புரியாத ஒரு பெருமிதம் பொங்கியதை நினைவில் வைத்திருந்து, சேர்ந்து அசைவதே மனிதரைப் பிணைக்கிறது என்று 1995-இல் ஒரு நூல் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் 2009-இல் துடுப்பு வீரர்கள் 12 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவு உழைப்புதான்; தனியே வலித்தபோதைவிடக் கூட்டாக, ஒரே தாளத்தில் வலித்தபோது அவர்கள் வலியைத் தாங்கும் அளவு கூடியது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இருந்தாலும் மெக்நீல் சொன்ன திசையில்தான் முள் காட்டுகிறது. குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில், தென்மாநிலங்களிலிருந்து வெவ்வேறு மொழி பேசி வரும் பையன்கள் ஒரே காலெடுத்து வைத்து, ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று ஒரே குரலில் முழங்கும்போது, சொல்லின் பொருளைவிட அந்த ஒரே மூச்சுக்குத்தான் வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

எதிரிக்குத் தெரியக்கூடாது, நண்பனுக்குத் தெரிய வேண்டும் என்ற பழைய இழுபறி இன்னும் தீரவில்லை. தோளில் ஒட்டும் ஒரு சின்ன வில்லை, வெறுங்கண்ணுக்குக் கறுப்புத் துணி. அகச்சிவப்பு விளக்கை அடித்தால் இரவுக்கருவியில் மின்னும். தன் ஆள் மேல் சுடாமலிருக்க அது. எதிரியிடமும் அதே கருவி வந்துவிட்டால் வில்லையைக் கழற்ற வேண்டியதுதான். எல்லாம் முடிந்தபின்னும் வீரனும் காவல்காரனும் கடைசியில் நம்புவது சீருடையைத்தான்: இந்த டிசைன் போட்டிருந்தால் நம் ஆள்.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் இந்திய ராணுவ உடையில்தான் வந்தார்கள். பழைய டிசைன் துணி அப்போது கடைவீதிகளில் தாராளமாகக் கிடைத்தது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு, களச்சீருடை மாதிரி உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 டிசைனை அறிவுசார் சொத்தாகப் பதிவு செய்து, வெளிச்சந்தையில் விற்பதைத் தடுத்திருப்பதும் அதன் தொடர்ச்சிதான். படைவீரன் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்துடன் அந்த உடையை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. அப்படி ஓர் எண்ணம் நமக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் நடைபாதையில் 400 ரூபாய்க்குத் தொங்கும் அந்தப் புள்ளிபோட்ட பேன்ட்டை நாம் வாங்கும்வரை அதை அச்சிடுகிறவர்கள் அச்சிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ராணுவ டிசைனைப் போலவே இருப்பதை வாங்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால், ஏன் வேண்டாம் என்று காரணத்தைச் சொல்லுங்கள்.